அறுத்த அன்றே நடந்த மரியகொரட்டி

இரத்தம் போவதை மரியகொரட்டி ஏழு மாதம் யாருக்கும் சொல்லவில்லை. மூலம் என்று தானாகவே முடிவு செய்துகொண்டார். நாள் முழுக்க ஓட்டோ ஸீட்டில் உட்கார்ந்திருக்கிறவருக்கு மூலம் வராமல் வேறென்ன வரும்? காரத்தைக் குறைத்தார், வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார், ஸீட்டின் மேல் இலவம்பஞ்சு மெத்தை ஒன்று தைத்துப் போட்டார். மெத்தையைப் பற்றிக் கேட்டவர்களிடம் ரோட்டுப் பள்ளங்களைக் குறை சொன்னார். எல்லோரும் நம்பினோம். ரோடு அப்படி.

பெரகல சந்தியில் வரிசையாக நிற்கும் ஓட்டோக்களில் பெண் ஓட்டுவது ஒன்றுதான். நான் கொஸ்லந்த பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். எட்டு வருசமாகக் காலையில் அவருடைய ஓட்டோவில்தான் போகிறேன். இங்கே எழுதுவது அவர் வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னது, அவருடைய வீட்டுக்காரர் ஞானசீலன் சொன்னது, கொஞ்சம் நான் கண்ணால் கண்டது.

கொரட்டியக்கா பிறந்தது மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில். பதினேழு வயதிலிருந்து கொழுந்து பறித்தார். 2014 ஒக்டோபரில் மலை சரிந்த காலையில் அவர் அடுத்த மலையில் கொழுந்துக்கு நின்றார், ஞானசீலன் தொழிற்சாலையில் இருந்தார், மகள் ரொஷானியும் மகன் றொனியும் பாடசாலைக்குப் போயிருந்தார்கள். நாலு பேரும் தப்பினார்கள். வீட்டில் இருந்த மாமியாரும் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்களும் தப்பவில்லை. அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. முகாமில் இருந்து, பிறகு புது வீடு கிடைத்து வந்தபோது, இனி மலையைப் பார்த்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கிற வேலை வேண்டாம் என்று முடிவெடுத்தார். முப்பத்தேழு வயதில் ஓட்டோ பழகினார். பழக்கியது சந்தியின் மூத்த ஓட்டோக்காரர் கஜேந்திரன். மூன்றாம் நாளே தன்னை முந்திக்கொண்டு போய்விட்டதாக அவர் இன்றைக்கும் சொல்வார்.

2023 பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பாடசாலைக்குப் போகும் வழியில், ஒரு வளைவுக்கு முன்னால் கொரட்டியக்கா வண்டியை ஓரம்கட்டினார். "சேர், ரெண்டு நிமிசம். கண்ணு இருட்டுது" என்றார். கைப்பிடியின் மேல் தலையை வைத்துக்கொண்டார். கை வெள்ளைத் தாளாக இருந்தது. அந்த இடத்தில்தான், ரோட்டைப் பார்த்தபடி, ஏழு மாதக் கதையை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னார். பின்னால் வந்த வேனை மறித்து ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உடம்பில் இருக்கவேண்டிய இரத்தத்தில் பாதிதான் இருக்கிறது என்றார்கள். இரத்தம் ஏற்றினார்கள், அங்கிருந்து பதுளைக்கு அனுப்பினார்கள். அங்கே குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்தார்கள்.

மலக்குடலின் மேல்பகுதியில் கட்டி. புற்றுநோய்.

அந்தச் சொல் சந்திக்கு வந்து சேர ஒருநாள்கூட ஆகவில்லை. கத்தி வைத்தால் பரவிவிடும் என்றார் ஒருவர். மலம் போக வயிற்றில் பை கட்டிவிடுவார்கள், அதோடு வெளியில் தலைகாட்ட முடியாது என்றார் இன்னொருவர். தேறினாலும் ஆறு மாதம் பாய்தான் என்பதில் மட்டும் எல்லோரும் ஒற்றுமை. அந்தக் கிழமையே ஹல்துமுல்லையிலிருந்து ஓர் ஆள் வீட்டுக்கு வந்து, ஓட்டோவை விற்கிற யோசனை இருக்கிறதா என்று கேட்டான். ஞானசீலன் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். உள்ளே இருந்த கொரட்டியக்காவுக்கு அது கேட்டது. கட்டி இருக்கிறது என்று கேட்டபோது அழாதவர், அன்றைக்கு அழுதார்.

அதனால் ஸ்கேன் முடிவு வாங்கப் போன நாளில் இரண்டு பேருமே பேசாமல்தான் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்கள். ஈரலில் இல்லை, நுரையீரலில் இல்லை, இருக்கிற இடத்திலேயே இருக்கிறது, எடுத்துவிடலாம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். சிங்களத்தில் சொன்ன பெரிய சர்ஜனுக்குப் பக்கத்தில் நின்று அதைத் தமிழில் சொன்னவர் றிஸாத் என்ற இளம் டொக்டர். ஒபரேசனுக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது, அந்த மூன்று கிழமையும் வேலை எங்களுக்கில்லை, உங்களுக்குத்தான் என்றார் றிஸாத். கொரட்டியக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வேலை இதுதான்: தினமும் அரை மணித்தியாலம் வேகமாக நடக்கவேண்டும். முட்டை, மீன், பருப்பு என்று உடம்பு தேற்றுகிற சாப்பாடு சாப்பிடவேண்டும். மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் சாமானில் மூச்சை இழுத்துப் பந்தை மேலே தூக்கவேண்டும், ஒரு நாளைக்கு நாலு தடவை. வெற்றிலையை விடவேண்டும். இரும்புச்சத்து மருந்தை நரம்பில் ஏற்ற இரண்டு முறை வரவேண்டும். ஒபரேசன் முடிந்த அன்றைக்கே எழுந்து நடக்கவேண்டும், அன்றைக்கே குடிக்கவேண்டும், மறுநாள் சாப்பிடவேண்டும், எல்லாம் சரியாகப் போனால் ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போகலாம்.

"அன்னைக்கேவா டொக்டர்?" என்று கேட்டார் கொரட்டியக்கா. "வயித்த அறுத்த அன்னைக்கேவா?"

ஆமாம் என்றார் றிஸாத். படுத்தே கிடந்தால் குடல் தூங்கிவிடும், நெஞ்சில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும். நடந்தால் எல்லாம் சீக்கிரம் விழித்துக்கொள்ளும். பை ஒன்று வைக்கவேண்டி வரும், ஆனால் அது தற்காலிகம். உள்ளே தைத்த இடம் ஆறுகிற வரைக்கும் குடலை வேறு பாதையில் திருப்பிவிடுகிறோம் என்று தாளில் படம் போட்டுக் காட்டினார்.

ரோடு உடைந்தால் மாற்றுப் பாதையில் வாகனத்தைத் திருப்புகிற மாதிரி. அது கொரட்டியக்காவுக்கு உடனே பிடிபட்டது. படுத்துக்கிடப்பதற்குத்தான் அவர் பயந்திருந்தார், இவர்களோ ஓடச் சொல்கிறார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் ஹாலி எல வரைக்கும் அவர் வாய் மூடவில்லை என்று ஞானசீலன் சொன்னார். ஐந்தாம் நாள், ஐந்தாம் நாள் என்றே பேசிக்கொண்டு வந்தாராம்.

அந்த மூன்று கிழமை எங்கள் பக்கத்தில் பெரிய கூத்து. காலை ஐந்தரைக்கு அவர் தேயிலை ரோட்டில் விறுவிறுவென்று ஏறுவார். பின்னால் ஞானசீலன் டோர்ச் லைட்டோடு மூச்சிரைத்துக்கொண்டு வருவார். வேலைக்குப் போகிற பெண்கள் வழிவிட்டுச் சிரிப்பார்கள். வெற்றிலையை விட்டது மட்டும் பெரிய பாடு. நாலாம் நாள் வீட்டில் இருந்த பாக்கு வெட்டியை எடுத்துக் கஜேந்திரனிடம் கொடுத்து, கேட்டாலும் தரக்கூடாது என்று சொல்லியிருந்தார். அடுத்த நாளே போய்க் கேட்டார். அவர் கொடுக்கவில்லை. மூன்று பந்தில் முதலில் ஒன்றுதான் எழும்பியது. இரண்டாம் கிழமை இரண்டு எழும்பியது. மூன்றும் சேர்ந்து எழும்பிய நாளில் எனக்குப் பாடசாலைக்கே போன் வந்தது.

ஏப்ரலில் ஒபரேசன். அன்று காலை ஆறு மணிக்கு மதுஷா என்ற நேர்ஸ் ஒரு பெரிய கிளாஸில் இனிப்புத் தண்ணீர் கொண்டுவந்து குடிக்கச் சொன்னார். ஒபரேசனுக்கு முதல்நாளே பச்சைத் தண்ணீர்கூடப் படக்கூடாது என்றுதானே ஊரில் சொல்லியிருந்தார்கள்? எனக்குத்தானா, கட்டில் மாறிவிட்டதா என்று கொரட்டியக்கா மூன்று தடவை கேட்டார். மதுஷா சிங்களப் பிள்ளை. தோட்டத்துப் பிள்ளைகளோடு படித்ததால் நம் தமிழ் நன்றாக வரும். பெற்றோல் இல்லாமல் வண்டி எப்படி அம்மா மலை ஏறும் என்று கேட்டார். அவர் ஓட்டோக்காரி என்பது அதற்குள் வார்டு முழுக்கத் தெரிந்திருந்தது. கொரட்டியக்கா ஒரே மடக்கில் குடித்தார். தள்ளுவண்டி வேண்டாம் என்று தியேட்டர் வாசல் வரைக்கும் நடந்தே போனார். ஞானசீலன்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாலு மணித்தியாலம் ஆனது. பெரிதாகக் கிழிக்காமல் சின்னத் துவாரங்கள் போட்டு, கீழே ஒரு விரல் நீள வெட்டில் கட்டியை எடுத்தார்கள். கண் விழித்தபோது வலி இருந்தது, ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. மூக்கில் குழாய் இல்லை. மாலை ஆறு மணிக்கு மதுஷா வந்து தோளைப் பிடித்தார். கொரட்டியக்கா முதலில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தலை சுற்றி நின்றது. பிறகு எழுந்தார். ஒரு கையில் சேலைன் கம்பி, மறு கையில் மதுஷாவின் தோள். பதினொரு அடி, கதவு வரைக்கும். பதினொரு அடி திரும்ப. அந்த இருபத்திரண்டு அடியில் தன் உடம்பு முழுக்க நடுங்கியது என்றும், ஆனால் உள்ளுக்குள் யாரோ வெடி கொளுத்திப் போட்ட மாதிரி இருந்தது என்றும் சொன்னார். கட்டிலில் சாய்ந்ததும் முதல் வேலையாக ஞானசீலனின் கையைப் பிடித்தார்.

"நடந்துட்டேங்க. ஓட்டோவ யாருக்கும் காட்டாதீங்க."

ஞானசீலன் அன்றைக்கே ஹல்துமுல்லைக்காரனுக்குப் போன் எடுத்து, வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்.

பக்கத்துக் கட்டிலில் ஜீவராணி. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர். ஐம்பத்தைந்து வயது. அவருக்கும் அதே நாளில் குடல் ஒபரேசன். கட்டி வேறு பக்கத்தில் இருந்ததால் பை வைக்கவில்லை. அவரும் அன்று மாலை கதவு வரைக்கும் நடந்தார். கொரட்டியக்கா பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் தாண்டி இன்னும் இரண்டு அடி வைத்துவிட்டுத்தான் ஜீவராணி திரும்பினார்.

போட்டி அங்கே ஆரம்பித்தது. கட்டிலின் தலைமாட்டில் ஒரு தாள் தொங்கும். எத்தனை முறை நடந்தார், என்ன குடித்தார், எத்தனை மணித்தியாலம் கதிரையில் உட்கார்ந்தார் என்று அதில் குறிப்பார்கள். மறுநாள் காலை சிறுநீர்க் குழாயைக் கழற்றியதும் இரண்டு பேரும் நடைபாதையில் இறங்கினார்கள். வார்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய் வந்தால் ஒரு சுற்று. தாளில் நாலு என்று போட்டிருந்தது. கொரட்டியக்கா ஆறு போனார். ஜீவராணி ஏழு. சுவரோரக் கட்டில்களில் இருந்தவர்கள் எண்ணத் தொடங்கினார்கள். பார்க்க வந்தவர்கள் கட்சி பிரிந்து நின்றார்கள். மதுஷா ஒன்றும் தெரியாதவர் மாதிரித் தாளில் குறித்துக்கொண்டு போனார்.

சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரம் சுவிங்கம் மெல்லக் கொடுத்தார்கள். மென்றால் குடல் ஏதோ வருகிறது என்று நினைத்து வேலையைத் தொடங்குமாம். வெற்றிலையை விட்ட வாய்க்கு அது பெரிய விருந்து. மரியாதையான இரண்டு பெண்கள் சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சப்புக்கொட்டிக்கொண்டு நடந்தார்கள் என்று ஞானசீலன் சொன்னார்.

ஆனால் வயிற்றின் இடது பக்கத்து மருந்துக் கட்டை வைத்தகண் வாங்காமல் பார்த்த கொரட்டியக்கா, வலது பக்கத்துப் பையை மட்டும் ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. மதுஷா திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் நாள் காலை குடித்த கஞ்சி முழுக்க வாந்தியாக வந்தது. மூன்று முறை. வயிறு உப்பிக்கொண்டு வந்தது. சுற்றுக்குப் போக முடியவில்லை. ஜீவராணி தனியாகப் போய் மூன்று சுற்றோடு நிறுத்திக்கொண்டு திரும்பினார். தனியாக நடக்கப் பிடிக்கவில்லையாம். டொக்டர் வந்து பார்த்து, சிலருக்கு இப்படி ஆகும், குடல் இன்னும் விழிக்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள் என்றார். அன்று பகல் முழுக்கக் கொரட்டியக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஐந்தாம் நாள் போய்விட்டது என்றுதான் நினைத்தாராம்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். குடல் ஒபரேசன் செய்த வார்டில் எல்லோரும் காத்துக்கிடப்பது ஒரே ஒரு சத்தத்துக்கு. காற்றுப் பிரியவேண்டும். பிரிந்தால் குடல் விழித்துவிட்டது. பெரிய சர்ஜனே காலையில் வந்து முதலில் அதைத்தான் கேட்பார். வீட்டில் என்றால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விசயம், அங்கே பரீட்சை முடிவு மாதிரி.

மூன்றாம் நாள் காலை பத்து மணியளவில் ஜீவராணி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு திகைப்பு. அடுத்த நொடி வார்டே கேட்கும்படி அந்தச் சத்தம் வந்தது. பிறகு எதிர்க்கட்டிலிலிருந்து யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். ஜீவராணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

கொரட்டியக்காவும் சிரித்தார். சிரிக்கும்போது வயிறு இழுத்தது. வலது கையால் வயிற்றைத் தாங்கிப் பிடித்தார். கைக்குள் ஏதோ பொம்மென்று இருந்தது. முதன்முறையாகக் குனிந்து பார்த்தார். பை பலூன் மாதிரி ஊதியிருந்தது.

"மிஸ்," என்று கூப்பிட்டார். "மிஸ், எனக்கும் வந்துருச்சு. பை ஊதியிருக்கு, வந்து பாருங்க."

மதுஷா ஓடிவந்து பார்த்து, இரண்டாவது கைதட்டலுக்குத் தானே ஆரம்பம் வைத்தார். அன்று மாலை கொரட்டியக்கா சூப் குடித்தார், அரைக் கோப்பை சோறு சாப்பிட்டார், எட்டுச் சுற்றுப் போனார்.

அடுத்து, பையை மாற்றப் பழகவேண்டும். பழகினால்தான் வீட்டுக்கு. குடல் வாய் ஒரு சிவந்த பொத்தான் மாதிரி வயிற்றில் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அளவுக்குச் சரியாக ஓட்டை வெட்டி, தோலைத் துடைத்துக் காயவைத்து, ஒட்டி, உள்ளங்கைச் சூட்டில் அழுத்திப் பிடிக்கவேண்டும். வேறு ஒரு நோயாளியின் மகள் இரண்டு நாளாகப் பழகியும் வரவில்லை என்று அழுதுகொண்டிருந்தாள். கொரட்டியக்காவுக்கு இரண்டாம் தடவையே கை பழகியது. ஓட்டோ டியூப்புக்கு பஞ்சர் போடுவதில் என்ன செய்கிறோம்? இடத்தைச் சுத்தம் பண்ணுகிறோம், ஈரம் இல்லாமல் காயவைக்கிறோம், அளவாக வெட்டி ஒட்டி அழுத்துகிறோம். அதேதான். மூன்றாம் தடவை அவர் தானே ஒட்டிவிட்டு, கசிகிறதா என்று தண்ணீரில் அமுக்கிப் பார்க்கத்தான் முடியவில்லை என்றார். அந்தப் பெண்ணுக்கும் அவரே சொல்லிக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் ஜீவராணி போனார். கொரட்டியக்கா ஆறாம் நாள். ஒருநாள் தோற்றாலும் அவருக்கு வருத்தமில்லை. கஜேந்திரன் அவருடைய ஓட்டோவையே பதுளைக்குக் கொண்டுவந்திருந்தார். ஆறு வருசத்தில் கொரட்டியக்கா தன் வண்டியின் பின் ஸீட்டில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பண்டாரவளை வரைக்கும் கியரைப் பற்றியும் பிரேக்கைப் பற்றியும் சொல்லிக்கொண்டே வந்ததாகவும், அதற்கு மேல் கஜேந்திரன் வண்டியை நிறுத்தி, நீயே ஓட்டு என்று இறங்கப்போனதாகவும் கேள்வி.

வீட்டில் எல்லாம் நேராகப் போகவில்லை. பை அதிகம் ஓடிய நாட்களில் நாக்கு வறண்டு, கால் சதை இழுத்துக்கொள்ளும். உப்பும் சீனியும் கலந்த ஜீவனித் தூளைத் தண்ணீரில் கரைத்துப் போத்தல் போத்தலாகக் குடித்தார். மூன்றாம் ஞாயிறு கோயிலில், பாதிரியாரின் பிரசங்கத்தின் நடுவில், பை ஒரு பக்கம் விட்டுக்கொடுத்தது. சேலையில் ஈரம். வாசம். முன் வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். கொரட்டியக்கா எழுந்து வெளியே போனார். அதோடு வீட்டுக்குப் போய்விடுவார், இனிக் கோயில் பக்கம் வரமாட்டார் என்று ஞானசீலன் நினைத்தார். ஆனால் அவர் சிஸ்டர்களுடைய அறைக்குப் போய், கைப்பையில் வைத்திருந்த புதுப் பையை ஒட்டி, சிஸ்டர் கொடுத்த வேறு சேலையைக் கட்டிக்கொண்டு, நன்மை அப்பம் வாங்குகிற நேரத்துக்குத் திரும்பி வந்து வரிசையில் நின்றார். அந்த ஞாயிறுக்குப் பிறகு சந்தியில் யாரும் அவர் காதுபடப் பையைப் பற்றிப் பேசவில்லை. மறைக்க அவர் எதையும் வைத்துக்கொள்ளாததால் பேச ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

வெட்டி எடுத்ததைச் சோதித்ததில் இரண்டு நெறிக்கட்டிகளில் நோய் தொட்டிருந்தது. அதனால் ஆறு மாதம் மருந்து ஏற்றவேண்டும் என்றார்கள். அதற்கும் பதுளைக்குத்தான். அந்த மருந்துக்கு ஒரு குணம்: குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல் நுனியில் ஊசி ஊசியாகக் குத்தும். பெரகலையின் காலைக் குளிரில் ஓட்டோ கைப்பிடி எப்படி இருக்கும்? ஆனாலும் ஒபரேசன் முடிந்து எட்டாம் கிழமை, டொக்டர் சரி என்ற மறுநாள், ஆறே முக்காலுக்கு என் வீட்டு வாசலில் ஹோர்ன் அடித்தது. கையில் சிவப்புக் கம்பளிக் கையுறை. வயிற்றுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் மடித்த துவாய். சந்தியில் எல்லா ஓட்டோக்காரர்களும் ரோட்டோரம் நின்றார்கள். கஜேந்திரன் மட்டும் முன்னால் நின்ற தன் வண்டியைப் பின்னால் எடுத்து, வரிசையில் முதல் இடத்தைக் காட்டினார்.

அன்று பாடசாலை வரைக்கும் கொரட்டியக்கா ஒவ்வொரு பள்ளத்திலும் மெதுவாக இறக்கி ஏற்றினார். அருவிச் சத்தம் கேட்கிற வளைவில், "இந்த ரோடு இவ்வளவு அழகுன்னு யாராவது சொன்னாங்களா சேர்?" என்று கேட்டார்.

2024 தை மாதம் இன்னொரு சின்ன ஒபரேசன் செய்து, பையை எடுத்துக் குடலைப் பழைய பாதைக்குத் திருப்பினார்கள். இதற்கு மூன்றாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டார். எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். உண்மையில் பையோடு இருந்ததைவிட அதற்குப் பிறகான நாலு மாதம்தான் அவருக்குக் கஷ்டம். குடல் சொன்ன சொல் கேட்கவில்லை. மதியத்துக்குள் எட்டுத் தடவை. வந்தால் ஒரு நிமிசம் பொறுக்காது. ஆள் ஏற்றிக்கொண்டு ஹயர் போகும் வழியில் எங்கெல்லாம் கழிவறை இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தார். பெற்றோல் செட், பள்ளிவாசல், பேக்கரி, இரண்டு பாடசாலை, ஒரு பௌத்த விகாரை. எது எத்தனை மணிக்குத் திறக்கும், எங்கே தண்ணீர் வரும், எங்கே சாவி கேட்கவேண்டும் என்பதுவரை. கர்ப்பிணிகளையும் சீனி வருத்தக்காரர்களையும் ஏற்றிப்போகும் மற்ற ஓட்டோக்காரர்கள் அந்தக் கொப்பியைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கிளினிக்கில் றிஸாத் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். நீண்ட தூரம் நடந்தால் களைப்பு வருமா, தூக்கம் வருகிறதா, குடும்பத்தோடு இருக்க இது தடையாக இருக்கிறதா என்று பலதும் கேட்டு, கடைசியில், போன கிழமை உங்கள் வாழ்க்கைத் தரம் எப்படி இருந்தது, ஒன்றிலிருந்து ஏழு வரைக்கும் ஓர் எண் சொல்லுங்கள் என்றார்.

கொரட்டியக்கா வீட்டைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தார். கூரை பரவாயில்லை என்றார். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வருகிறது என்றார். ரோட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தபோது றிஸாத் சிரித்துவிட்டு, அது இல்லை, உங்கள் உடம்பும் மனமும் எப்படி என்று கேட்கிறேன் என்று விளக்கினார்.

"அஞ்சு போடுங்க" என்றார். "சந்தியில யாராவது கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லிருவேன். நீங்க எழுதுறீங்க, அதனால உள்ளதச் சொல்றேன். அந்த எட்டுத் தடவைக்கு ஒண்ணக் கழிச்சேன். விரல் இன்னும் மரத்துக் கெடக்கு, அதுக்கு ஒண்ணு."

அப்படி எண்ணிச் சொன்னதால் வைத்தியமும் எண்ணிக் கிடைத்தது. மலத்தை இறுக்க மாத்திரை, இன்ன சாப்பாடு இன்ன நேரம் என்று ஒரு தாள், ஓட்டோ ஓட்டிக்கொண்டே யாருக்கும் தெரியாமல் செய்யக்கூடிய ஓர் இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி. வருசக் கடைசிக்குள் எட்டு மூன்றாகக் குறைந்தது. விரல் மரமரப்பு முழுதாகப் போகவில்லை. சின்னக் காசுகளை இப்போதும் கண்ணால் பார்த்துத்தான் எடுப்பார். இரண்டாம் முறை கமரா விட்டுப் பார்த்ததில் குடல் சுத்தமாக இருந்தது.

அந்த முடிவு வந்த கிழமை ஜீவராணி பசறையிலிருந்து பஸ் மாறி மாறிப் பெரகலைக்கு வந்து இறங்கினார். போனில் தினமும் பேசிக்கொள்கிறவர்கள், நேரில் பார்த்து எட்டு மாதம். கையில் ஒரு டப்பா பால் டொஃபி. தியலும நீர்வீழ்ச்சியின் உச்சியைப் பார்க்கவேண்டும் என்றார். கொரட்டியக்கா எத்தனையோ வெள்ளைக்காரர்களை அந்தப் பாதை தொடங்கும் இடத்தில் இறக்கிவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்திருக்கிறார். ஒருநாளும் உள்ளே போனதில்லை.

அன்றைக்குப் போனார்கள். ஓட்டோவைப் பூட்டிவிட்டு, ஆளுயர மானாப் புல்லுக்குள் இறங்கி, பாறை பாறையாகக் கால் வைத்து, ஒரு மணித்தியாலம். வழியில் இரண்டு இடத்தில் ஜீவராணி உட்கார்ந்தார், ஓர் இடத்தில் கொரட்டியக்கா புல்லுக்குள் ஒதுங்கினார். மேலே போனால் பாறைக்குள் குளம் குளமாகத் தண்ணீர், அதற்கப்பால் ஒன்றுமே இல்லை, கீழே வெல்லவாய வரைக்கும் வெளி. யாரும் இல்லாத இடம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார்கள்.

ஐஸ் மாதிரி இருந்ததாம். விரல் குத்தவில்லையா என்று அடுத்த நாள் காலையில் நான் கேட்டேன்.

"குத்துச்சு" என்றார் கொரட்டியக்கா, கியரை மாற்றிக்கொண்டே. "குத்திட்டுப் போகட்டும் சேர். வர்ற மாசம் அவுங்க தோட்டத்துப் பக்கம் போறோம். அங்க ஒரு மலை இருக்காம்."